வாசனை மட்டும்

"அதை உள்ள வைங்க டாக்டர்" என்றாள் அவள்.

கணவரின் நண்பரான பல் டாக்டர் பையிலிருந்து பாதி எடுத்த ஸ்காட்ச் பாட்டிலைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றார். அவருக்குப் பின்னால் இன்னொரு நண்பரான டிரைவிங் மாஸ்டர் தன் கால்விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கட்டிலில் அவள் கணவர் கண்களை மூடியிருந்தார். ஆனால் தூங்கவில்லை. இத்தனை வருஷம் பக்கத்தில் படுத்தவளுக்கு அதுகூடவா தெரியாது?

"அவர்தான் கேட்டாரு தங்கச்சி. குடிக்கிறதுக்கு இல்ல. பஞ்சுல ஒரு சொட்டு நனைச்சு நாக்குல வெச்சா போதும்னாரு" என்றார் பல் டாக்டர்.

நர்ஸ் தலையணையைச் சரிசெய்தபடியே, "வெக்கலாம்மா, இனிமே அதனால ஒண்ணும் ஆகப்போறதில்ல" என்றாள். சொன்ன பிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவளுக்கே உறைத்தது. அழுக்குத் துண்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

"போற வாயில அதையா வெப்பாங்க? நாளைக்கு வீடு முழுக்க ஜனம் வரும். கிட்ட குனிஞ்சு பாக்கறவங்க என்ன நினைப்பாங்க?"

பல் டாக்டர் பாட்டிலைப் பையில் வைத்து ஜிப்பை இழுத்தார். அந்தச் சத்தத்துக்குக் கட்டிலில் இருந்தவரின் இமை ஒருமுறை அசைந்தது.

அவள் கிண்ணத்துத் தண்ணீரில் பஞ்சை நனைத்து அவர் உதட்டில் வைத்தாள். அவர் உறிஞ்சினார். கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார்.

"நல்லாருக்கு" என்றார்.

அவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவர். முகத்துக்குக் கொஞ்சமும் பொருந்தாத பிரேமை ஆசைப்பட்டு மாட்டிக்கொண்டு நிற்பவர்களிடம், அவர்கள் மனம் நோகக்கூடாதென்று, 'நல்லாருக்கு' என்பார். அதே குரல்.

மதியம் தாண்டியதும் ஒரு மூச்சு வந்தது. அடுத்த மூச்சுக்காக அவளும் மகளும் காத்திருந்தார்கள். அது வரவில்லை.

அவளுடைய சின்ன அண்ணன் குடித்தே செத்தவன். சாக்கடை ஓரத்தில் கிடந்தவனைப் பள்ளிக்கூடச் சீருடையோடு போய்த் தூக்கி வந்திருக்கிறாள். அந்த நாற்றம் அவள் பின்னலில் ஏறி, எத்தனை முறை தலை குளித்தும் போகாததுபோல் இருந்தது. கல்யாணமான புதிதில், "சனிக்கிழமை சாயந்திரம் ஒரு சின்ன கிளாஸ் ஸ்காட்ச். அதுக்கு மேல தொடமாட்டேன்" என்று கணவர் சொன்னபோது அவள் அழவில்லை, சண்டை போடவில்லை. பின்னறையைக் காட்டினாள். கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். கிளாஸை அவரே கழுவ வேண்டும். சமையலறைப் பாத்திரங்களோடு அது சேரக் கூடாது.

அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். சொன்னபடியே நடந்தார். ஒரு நாளும் ஒரு கிளாஸ் இரண்டாகவில்லை, ஒரு நாளும் நாக்கு குழறவில்லை. சனிக்கிழமைகளில் பல் டாக்டரும் மாஸ்டரும் வருவார்கள், கதவு சாத்தப்படும், உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்கும். என்றைக்காவது மனம் நிறைந்திருந்தால் அவர் கதவைப் பாதி திறந்து, "குடிக்க வேண்டாம்மா. வாசனை மட்டும் பாரேன். ஒரு தடவை" என்பார். அவள் டிவியின் சத்தத்தைக் கூட்டுவாள். பிறகு எப்போதோ அவர் கேட்பதையும் விட்டுவிட்டார். எப்போது விட்டார் என்பதுகூட அவளுக்கு நினைவில்லை.

மறுநாள் வீடு கொள்ளாத கூட்டம். கடைத்தெருவில் பாதிப் பேர் அவர் போட்டுக்கொடுத்த கண்ணாடி வழியாகவே அவரைக் கடைசியாகப் பார்த்தார்கள். அவளுடைய பெரியம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"உங்க அண்ணன் ஒருத்தன் இருந்தானே, குடிகாரன். அவனைப் பார்த்த கண்ணுக்கு இந்த மாப்பிள்ளை தங்கம்டி. சொட்டு மதுவைத் தொட்டிருப்பாரா?"

"இல்ல பெரியம்மா" என்றாள் அவள். வழக்கமாகச் சொல்வதுதான். ஆனால் இந்த முறை சொல்லி முடித்ததும், கூடத்தில் படுத்திருந்தவர் யாரோ வேறு ஆள் என்பதுபோல ஆகிவிட்டது. இத்தனை பேர் நடுவில் அவரைத் தெரிந்தவர்கள் சுவர் ஓரம் ஒதுங்கி நிற்கும் அந்த இரண்டு பேர்தான் என்று தோன்றியது. அவள் அந்தக் கணக்கில் வரவில்லை.

வண்டி வந்தது, எடுத்துப் போனார்கள், திரும்பி வந்தார்கள். கூட்டம் கரைந்தது. மகள் தரையைத் துடைக்க ஆரம்பித்தாள். ஜன்னல் வழியாகப் பார்த்தபோது எதிர்ச் சாரியில் மாஸ்டரின் கார் நின்றுகொண்டிருந்தது. உள்ளே இரண்டு தலைகள்.

அவள் தெருவைக் கடந்து போய்க் கண்ணாடியைத் தட்டினாள். மாஸ்டர் பதறி எதையோ காலுக்கடியில் மறைத்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க அண்ணி. சனிக்கிழமை... எங்க போறதுன்னு தெரியல."

இன்று சனிக்கிழமை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பின் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தாள்.

"அவர் எப்படிக் குடிப்பாரு?" என்று கேட்டாள். "நான் பார்த்ததே இல்ல."

முன்னால் இருந்த இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மாஸ்டர் காரின் உள்விளக்கைப் போட, பல் டாக்டர் மெதுவாகப் பாட்டிலை எடுத்தார். அடி பருத்து வாய் குறுகிய சின்ன கிளாஸ் ஒன்றில் கொஞ்சம் ஊற்றினார்.

"முதல்ல குடிக்கவே மாட்டாரு தங்கச்சி. இப்படி வெளிச்சத்துல பிடிப்பாரு. லென்ஸைப் பிடிக்கிற மாதிரியே, ரெண்டு விரல்ல. அப்புறம் மூக்கு. வாயைக் கொஞ்சம் திறந்துக்கிட்டு மோந்து பாக்கணும்பாரு, இல்லேன்னா காரம்தான் ஏறும். அப்புறம் ஒரு சொட்டு தண்ணி."

"தண்ணி விட்டுட்டு எங்களை விடமாட்டாரு அண்ணி," என்றார் மாஸ்டர். குரலை மாற்றி நண்பரைப் போலவே பேசினார். "'இப்ப எப்படி? முன்னாடி நல்லாருந்துச்சா, இப்பவா? அவசரப்படாதீங்க, மறுபடி பாருங்க.' கடையில கண் டெஸ்ட் பண்றதுதான்! எனக்கு எதை மோந்தாலும் மண்ணெண்ணெய் வாசம்தான் வரும். டாக்டருக்குக் கிராம்பு எண்ணெய். 'உங்க ரெண்டு பேர் மூக்கையும் வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது'ன்னு தலையில அடிச்சுக்குவாரு."

மாஸ்டர் சிரிக்க ஆரம்பித்து நடுவில் நிறுத்திக்கொண்டார்.

"இதைத்தான் பேசுவீங்களா, இத்தனை வருஷமா?"

"வேற என்ன?" என்றார் பல் டாக்டர். "நனைஞ்ச கயிறும்பாரு. புதுச் செருப்புக்கடைம்பாரு. ஒரு தடவை கண்ணை மூடிக்கிட்டு ரொம்ப நேரம் இருந்துட்டு, இது மழைக்கு முன்னாடி மாடிக்கு ஓடிப்போய் அள்ளிட்டு வந்த துணின்னாரு. அதைச் சொல்லிட்டு, 'வீட்டுல இவளுக்குக் காட்டினா ஒரே நிமிஷத்துல சொல்லிடுவா. ரசத்துல உப்பு கம்மின்னு வாசனையிலேயே சொல்றவ'ன்னாரு."

அவள் கை நீட்டினாள். பல் டாக்டர் கிளாஸைக் கொடுத்தார்.

முதலில் மூக்கு எரிந்தது. அண்ணனின் நாற்றம் வரும் என்று உடம்பை இறுக்கிக்கொண்டு காத்திருந்தாள். அது வரவில்லை. வாயை லேசாகத் திறந்துகொண்டு மறுபடி முகர்ந்தாள். புகை. ஈர மண்ணைக் கொளுத்தினால் வருமே, அப்படி ஒரு புகை. அதற்குப் பின்னால் இனிப்பாக ஏதோ. அதற்கும் பின்னால் அவளுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று.

"இது ஆஸ்பத்திரி வாசனையில்ல? புண்ணுக்குப் போடுற மருந்து?"

பல் டாக்டர் திரும்பி அவளைப் பார்த்தார். "நாங்க ரெண்டு பேரும் கண்டுபிடிக்க எத்தனையோ வருஷம் ஆச்சு. கடல் நடுவுல ஒரு தீவுல பண்றது இது. சதுப்பு மண்ணை வெட்டிக் காயவெச்சு, எரிச்சு, அந்தப் புகையில தானியத்தை வாட்டுவாங்களாம். அதனால அந்த வாசம். அவருக்கு இதுதான் உசிரு."

போன வாரம் முதுகுப் புண்ணைத் துடைப்பதற்காக நர்ஸ் மருந்து பாட்டிலைத் திறந்தபோது, ஒருக்களித்துப் படுத்திருந்த அவர், "மூடிடாதம்மா, கொஞ்ச நேரம் இருக்கட்டும்" என்றார். அவர் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. நினைவு தப்பிப் பேசுகிறார் என்று நினைத்து, அவள்தான் எட்டி மூடியைத் திருகினாள். ஜன்னல்களை எல்லாம் திறந்துவிட்டாள். மின்விசிறியைக் கூட்டி வைத்தாள்.

"தண்ணி ஒரு சொட்டு விடட்டுமா தங்கச்சி?" என்றார் பல் டாக்டர்.

"வேண்டாம்" என்றாள். பிறகு, "விடுங்க" என்றாள்.

வெளிச்சம் மங்கும் நேரம். பள்ளம் விழுந்த தெருவில் சைக்கிள்கள் மணியடித்துக்கொண்டு போயின. கிளாஸை இரண்டு கைகளாலும் பொத்தி வைத்திருந்தாள். அது மெல்லச் சூடேறுவதுபோல் இருந்தது.

எதிரே வீட்டுக் கதவு திறந்தது. மகள் ஈரக் கையைப் புடவையில் துடைத்தபடி படியில் இறங்கி நின்று, தெருவின் இந்தக் கோடியையும் அந்தக் கோடியையும் பார்த்தாள். "அம்மா" என்று ஒருமுறை கூப்பிட்டாள்.

பின்னிருக்கையில் அவள் கொஞ்சம் சரிந்து உட்கார்ந்துகொண்டாள். மாஸ்டர் எதுவும் கேட்காமல் கையை உயர்த்தி, காரின் உள்விளக்கை அணைத்தார்.