சிவப்பு இறகுக் கரை

பாய் பின்னும்போது ஓரத்தை மடித்து இறுக்குகிற ஒவ்வொரு முறையும் ஃபூசி ஒரு பெயரைச் சொல்வாள். குரல் எழாது, உதடு மட்டும் அசையும். காலையில் கடல் வற்றிய நேரத்தில் இறங்கி, ஊறப்போட்ட தாழை ஓலைக் கட்டுகளின்மேல் கல் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பாள். வெளுத்த கட்டுகளைத் தோளில் போட்டுக்கொண்டு கரையேறி, வெயிலில் உலர்த்தி, நகத்தால் கீறி இழையாக்குவாள். பிறகு ஊர்ப் பெண்களோடு பின்னல் கொட்டகையில் சம்மணமிட்டு உட்கார்ந்துவிடுவாள். அதன்பின் மாலை மணி அடிக்கும்வரை அந்த உதட்டசைவு ஓயாது. ஆலய மணியடித்தால் ஜெபிக்கிற உதடுகள் ஊரில் பல உண்டு. ஃபூசியின் உதடுகள் மட்டும் ஜெபிக்கவில்லை.

"லேசியேலி, லேசியேலின்னு எப்பப் பாத்தாலும் அத்தை பேருதான். அம்புட்டுப் பாசமாடி?" என்று பக்கத்தில் இருக்கும் செலா சீண்டுவாள்.

"பாசந்தான். இழுத்து இறுக்கறேன் பாரு" என்பாள் ஃபூசி. கொட்டகை சிரிக்கும். அவளும் சிரிப்பாள்.

அத்தை லேசியேலி ஃபூசியின் தந்தைக்கு மூத்தவள். டோங்காத் தீவுகளில் தந்தையின் அக்காளுக்கு மேலே தெய்வமும் அரசரும்தான். தம்பி வீட்டுக்குள் வந்து அவள் எதைக் கைகாட்டுகிறாளோ அது அவளுடையது. தம்பியின் பிள்ளைகள் மறுபேச்சுப் பேசுவதில்லை. தம்பி இறந்தால் பிணத்தின் தலைமாட்டில் அமர்கிறவளும் அவளே. துக்கத்துக்கு வருகிறவர்கள் கொண்டுவந்து குவிக்கும் பாய்களும் மரப்பட்டைத் துணிகளும் அவள் முன்னால்தான் வைக்கப்படும். நல்ல அத்தைமார் அவற்றில் பெரும்பங்கை அங்கேயே பகிர்ந்து கொடுத்துவிட்டு, ஒன்றிரண்டை மட்டும் எடுத்துக்கொண்டு எழுந்து போவார்கள். ஃபூசியின் தந்தை இறந்தபோது லேசியேலி பகிரவில்லை. வந்த பாய்களையெல்லாம் வண்டியில் ஏற்றச் சொன்னாள். ஏற்றி முடிந்ததும் வீட்டின் உள்ளறையைப் பார்த்துக் கைகாட்டினாள்.

அங்கே இருந்தது ஃபூசியின் தாய் கலோலாயினே பின்னிய பாய். பட்டுபோல மடியும் மெல்லிழைப் பாய். திருமணமான புதிதில் தொடங்கி, ஃபூசி நடக்கப் பழகிய பிறகே முடிந்தது. அதன் கரைக்குச் சிவப்புக் கிளியிறகு. கணவன் ஃபிஜிக்குக் கப்பல் வேலைக்குப் போனபோது கொண்டுவந்தது. "என்னைப் புதைக்கிறப்ப இதுல சுத்திப் புதைங்க" என்பதைத் தவிர அந்தப் பாயைப் பற்றிக் கலோலாயினே எதுவும் கேட்டதில்லை. அன்று அவள் மருமகளுக்குரிய இடத்தில், கொல்லை அடுப்படியில், துக்கத்துக்கு இடுப்பில் சுற்றும் கிழிசல் பாயை உடுத்திக்கொண்டு கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தாள். பாய் வாசலைத் தாண்டிப் போவதைப் பார்த்தாள். கிளறிய கரண்டி நிற்கவில்லை.

சில ஆண்டுகள் கழித்து அவளை முரட்டுப் பாயொன்றில் சுற்றிப் புதைத்தார்கள். ஃபூசியின் உதடுகள் அசையத் தொடங்கியது அன்றைக்குத்தான்.

இளவரசரின் திருமணம் அறிவிக்கப்பட்டதும் தீவுகள் எல்லாம் பரிசுகளுக்காக வேலையில் இறங்கின. ஒரு ஊரார் ஆறு ஆண்கள் சேர்ந்து தூக்கும் வள்ளிக்கிழங்கை வளர்த்துக்கொண்டிருந்தார்கள். இன்னொரு ஊரார், சடங்குகளில் இடித்துக் கரைத்துக் குடிக்கும் கவா வேரை, ஒரு மரத்தளவு வேரை, மண் சிந்தாமல் பெயர்த்தெடுத்தார்கள். அயல்நாட்டு வணிகர்கள் ஒரு குளிர்பெட்டி அனுப்பியிருப்பதாகவும், வைக்க இடமில்லாமல் அரண்மனைக்காரர்கள் அதில் இடுப்புப் பாய்களை மடித்து வைத்திருப்பதாகவும் பேச்சு அடிபட்டது. ஆனால் எல்லாவற்றிலும் பெரிய பரிசு பழைய பாய்தான். எத்தனை சாவுகளில், எத்தனை கல்யாணங்களில் விரித்த பாயோ, எத்தனை இடத்தில் தைத்துச் சீர்செய்த பாயோ, அதற்கு அத்தனை மதிப்பு. மணமக்கள் முன்னால் அதை இருவர் விரித்துப் பிடிப்பார்கள். பின்னியவர் யார், கொண்டுவந்தவர் யார் என்று கட்டியக்காரர் உரக்கச் சொல்வார். அரச குடும்பம் தலையசைக்கும். அந்தத் தலையசைப்பைப் பேரன் பேத்திகள்வரை சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

ஒருநாள் அத்தை கொட்டகைக்கு வந்தாள். பெண்கள் தலை குனிந்து வழிவிட்டார்கள். மரப்பட்டைத் துணியில் சுற்றிய பொட்டலத்தை ஃபூசியின் மடியில் வைத்தாள்.

"எலி கடிச்சிருக்கு. கரையெல்லாம் போச்சு. ராஜா வீட்டுக்குப் போகணும்."

ஃபூசி பிரித்தாள். தாயின் இழைகள் பழுத்த வாழைத்தாரின் நிறத்துக்கு வந்திருந்தன.

"என்னடி பேயைக் கண்ட மாதிரி பாக்கற? இந்த ஊருல இதைத் தைக்கற கை உனக்குத்தான் இருக்கு. உங்கம்மா கை."

"ஆகட்டும் அத்தே."

"நல்லாச் செய்யி. என் பேரு இதுலதான் இருக்கு."

"உங்க பேரை நான் மறக்கறதே இல்ல அத்தே" என்றாள் ஃபூசி. செலா சிரிப்பை அடக்க முடியாமல் இருமினாள்.

அன்றிரவு ஃபூசி உறங்கினாளோ என்னவோ, மறுநாள் காலையில் அவள் முகம் தெளிந்திருந்தது. எலி கடித்த இழைகளை மனம் ஒன்றிச் சீர்செய்தாள். அது அம்மாவின் பாய், அதில் குறை வைக்க அவள் கை ஒப்பவில்லை. கரையை மட்டும் வேறு விதமாகக் கட்டினாள். இறகுகள் அனைத்தையும் ஒரே நாரில் கோத்தாள். நடுவில் எங்கும் முடிச்சுப் போடவில்லை. மூலையில் மட்டும் ஒரு சுருக்கு. மடித்து வைத்திருக்கும்வரை அது அசையாது. இருவர் விரித்து இழுத்துப் பிடித்தால் பாயின் கனமே சுருக்கை அவிழ்க்கும்; கரை முழுவதும் ஒரே நாராகக் கழன்று மணமக்கள் காலடியில் விழும். கல்யாணப் பாயின் கரை கழன்று விழுவதைவிடக் கெட்ட சகுனம் இல்லை. கொண்டுவந்தவள் பெயர் அந்தச் சகுனத்தோடு ஒட்டிக்கொள்ளும். சாகும்வரை யாரும் அவளைத் தலைமாட்டில் உட்காரச் சொல்லமாட்டார்கள்.

தன்னை மிதித்தவன் வரும் வழியில் குழிதோண்டிக் காத்திருந்த நண்டு ஒன்றின் கதையை அந்த ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும் அறிவார்கள். மிதித்தவன் வேறு வழியாகப் போய்விட்டான். மழை வந்து குழிமேல் மண் சரிய, தோண்டிய நண்டு அதிலேயே மாட்டிக்கொண்டது. ஃபூசிக்கும் தெரிந்த கதைதான். அந்த நண்டுக்குச் சுருக்குப் போடத் தெரியாது என்று எண்ணிக்கொண்டாள். வேலை நடந்த நாட்களில் அவள் உதடுகள் அசையவே இல்லை. செலா அதைக் கவனித்தாள். "அத்தைகூடச் சண்டையா?" என்று கேட்டாள்.

"சமாதானம்" என்றாள் ஃபூசி.

திருமண நாளன்று அரண்மனைப் புல்வெளியில், கடலைப் பார்த்த பக்கமாக, ஊர் ஊராகப் பெண்கள் வரிசையில் அமர்ந்திருந்தார்கள். சுட்ட பன்றியின் மணமும் தேங்காயெண்ணெயின் மணமும் காற்றில் கலந்திருந்தன. முன்னால் வள்ளிக்கிழங்கு போய்க்கொண்டிருந்தது. தூக்கியவர்களில் ஒருவன் தடுமாற, கூட்டம் ஆர்ப்பரித்துச் சிரித்தது. அத்தை முழங்கால் வலியோடு புல்லில் அமர்ந்திருந்தாள். பாய் அவள் மடியில். ஃபூசி இரண்டு வரிசை பின்னால் இருந்தாள். விழப்போவது தெளிவாகத் தெரியும் இடமாகப் பார்த்துத்தான் உட்கார்ந்திருந்தாள்.

அத்தை திரும்பிக் கையசைத்தாள். ஃபூசி முட்டியால் தவழ்ந்து போனாள்.

"நீ ஒரு முனையைப் பிடி. இன்னொரு முனைக்குச் செலாவைக் கூப்பிடு."

"நீங்க?"

"நான் வரலை. இதை மடியில வெச்சுக்கிட்டு வர்றப்ப மனசு கேக்கலை. கட்டியக்காரர்கிட்டச் சொல்லியாச்சு. பின்னினது கலோலாயினே. கொண்டுவந்தது அவ மக ஃபூசி. என் பேரு வேண்டாம்."

அத்தை அவளைப் பார்க்காமல் கடலைப் பார்த்துப் பேசினாள்.

"உங்கம்மாவை அந்த முரட்டுப் பாயில சுத்தினப்ப நானும் அங்கதான் நின்னேன். ஓடிப்போயி எடுத்தாந்துடலாம்னு நெனச்சேன். கால் நகரலை. திமிரு. மண்ணு மூடினாங்க, அப்பவும் நின்னுக்கிட்டே இருந்தேன்."

"இப்ப பேரைச் சொல்லிட்டா சரியாயிடுமா?"

"ஆகாது. யாருடி ஆகும்னு சொன்னா?"

முதலில் ஃபூசிக்கு வந்தது கோபம். அப்பாவின் சாவில் எல்லாவற்றையும் அள்ளிப் போனவள், இத்தனை ஆண்டு ஊறப்போட்டு வெளுத்து இழையெடுத்த பழியையும் இப்போது கைகாட்டி எடுத்துக்கொள்கிறாளே என்ற கோபம். பிறகுதான் பயம் வந்தது. இன்னும் சற்று நேரத்தில் கட்டியக்காரர் அம்மாவின் பெயரைச் சொல்வார். அந்தப் பெயரின்மேல் கரை கழன்று விழும். தோண்டிய குழிக்குள் இறங்கிக்கொண்டிருப்பது அம்மா.

முன்னால் கவா வேர் எழுந்தது. அதற்கு அடுத்து இவர்கள் ஊர்.

ஃபூசி பாயைப் பறித்து மடியில் போட்டாள். தன் இடுப்புப் பாயைக் கட்டியிருந்த நாரைப் பல்லால் கடித்துப் பிய்த்தாள். மூலையைப் பிரித்தாள். அவசரத்தில் சுருக்கு பாதி அவிழ்ந்து, இறகுகள் நாரின்மேல் வழுக்கின.

அத்தை குனிந்து பார்த்தாள். பாய் பின்னத் தெரிந்தவள். விளங்கிக்கொள்ள நேரம் ஆகவில்லை.

"நீயா?"

"நான்தான்."

"ராஜா முன்னாலயா?"

"ஆமா."

அத்தையின் முகம் சிவந்தது. ஃபூசி அடியை எதிர்பார்த்துத் தோளைக் குறுக்கினாள். அத்தையோ, சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு மூச்சை விட்டாள்.

"நானா இருந்தா அந்த எலிக்குச் சோறு போட்டு வளத்து, மிச்சப் பாயையும் கடிக்க விட்டிருப்பேன்" என்றாள். பிறகு வலிக்கும் காலை மடக்கி நெருங்கி உட்கார்ந்து, கரையின் மறுமுனையை இரு கைகளாலும் இழுத்துப் பிடித்தாள். "ம், கட்டு. நான் விடமாட்டேன்."

ஃபூசி கட்டினாள். அத்தையின் கட்டைவிரல் நாரை அழுத்திக்கொண்டே நகர, அது விட்ட இடத்திலெல்லாம் ஒரு முடிச்சு விழுந்தது. வியர்த்த விரல்களில் சிவப்பு இறகின் துகள்கள் ஒட்டிக்கொண்டன. பின்னாலிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். "காத்து படட்டும்னு பிடிச்சிருக்கோம், அந்தப் பக்கம் பாருங்கடி" என்று அத்தை அதட்டினாள். கவா வேர் மணமக்கள் முன்னால் இறங்கிற்று. முரசு ஓய்ந்தது. கட்டியக்காரர் இவர்கள் ஊரின் பெயரைச் சொல்ல, செலா எழுந்து நின்று, "ஃபூசி, வாடி!" என்று பதறினாள்.

மூலை மட்டும் பாக்கி. ஃபூசி நாரை வளைத்து, பல்லால் ஒரு முனையைக் கவ்வி இறுக்கினாள். பழக்கத்தில் உதடுகள் தாமாக அசைந்தன. இந்த முறை குரலும் வந்துவிட்டது.

"லேசியேலி."

"என்னடி?" என்றாள் அத்தை, முனையை விடாமல்.

ஃபூசி பாயின் ஒரு முனையைக் கையில் எடுத்தாள். மறுமுனையைச் செலாவின் கையில் கொடுத்துவிட்டு எழுந்தாள். புல்வெளியின் நடுவில் இருவரும் விலகி நடக்க, பாய் மெல்ல மெல்ல விரிந்தது. கடற்காற்று அதன் வயிற்றில் புகுந்து உப்பிற்று. கட்டியக்காரர் கலோலாயினேயின் பெயரைச் சொன்னபோது சிவப்புக் கரை முழுவதும் ஒருசேர நடுங்கியது. பின்னால், புல்லில் தனியாக உட்கார்ந்திருந்த ஒருத்தியின் இரு கைகளும் இன்னும் எதையோ இழுத்துப் பிடித்திருப்பதுபோலவே இருந்தன.