படூர் மாடி வீட்டு ஹால்

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்த வீட்டைக் கொடுத்தபடி வைத்துக்கொள்ளத் தெரிவதில்லை. படூரில் பன்னீர்செல்வம் வாடகைக்கு விட்டிருந்த மாடி வீட்டின் ஹால் ஒரே வருடத்தில் மாமல்லபுரம் கடற்கரை வரைக்கும் நீண்டுபோனதற்கு வேறு காரணம் எதுவும் கிடையாது என்பது அவருடைய கட்சி. காலமெல்லாம் லாரி ஓட்டி, செங்கல்லைத் தன் கையாலேயே இறக்கி வைத்துக் கட்டிய வீடு. சுவரில் ஒரு ஆணி அடித்தாலும் கீழே அவர் தூக்கம் கலைந்து எழுந்து வருவார். ஹால் நீண்டபோது சத்தமே வரவில்லை.

குடியிருந்தவர்கள் ஃபர்தீனும் ஷஃபானாவும். சொந்தத்தில் கல்யாணம் செய்துகொண்டவர்கள். சின்ன வயசிலிருந்தே அவள் அவனை மச்சான் என்றுதான் கூப்பிடுவாள். அவனுக்கு சிறுசேரியில் ராத்திரி வேலை, அவளுக்குச் செங்கல்பட்டில் பள்ளிக்கூட வேலை. அவனைக் கம்பெனி கேப் இறக்கிவிடும் நேரமும் அவள் பஸ்ஸுக்கு ஓடும் நேரமும் ஒன்று. படிக்கட்டில் சாவி கைமாறும், "குழம்பு ஃப்ரிட்ஜ்ல" என்று ஒரு வார்த்தை கைமாறும். மிச்சப் பேச்செல்லாம் போனில் குரலாகப் பதிந்து அனுப்புவார்கள். அதையும் இருவரும் இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுத்தான் கேட்டார்கள். ஐந்து நிமிஷப் பேச்சு இரண்டரை நிமிஷத்தில் முடியும். இப்படி மிச்சம் பிடித்த நேரத்தை எங்கே வைப்பது என்று இருவருக்கும் தெரியவில்லை. அது வீட்டிலேயே கிடந்தது.

முதலில் சோபாவுக்கும் சமையல்கட்டுக்கும் நடுவே ஒரு வரிசை டைல்ஸ் கூடுதலாக வந்தது. ஆடியில் ஷஃபானா கொண்டுவரும் டீ அவனிடம் சேர்வதற்குள் ஆறிப்போனது. தீபாவளிக்கு அக்கம்பக்கத்தார் பலகாரம் கொடுத்தபோது, அதை எடுத்துக்கொண்டு உள்ளே போனவள் திரும்பிவர மதியமாயிற்று. தை மாதத்தில் சமையல்கட்டு குக்கர் விசில் தூரத்து ரயில்போலக் கேட்டது. கேளம்பாக்கம் உப்பளத்தைத் தாண்டும் இடத்தில் தரையில் உப்புப் பூத்தது. கோவளம் பக்கம் இடது சுவரில் காதை வைத்தால் மீன் ஏலம் கேட்டது. நெம்மேலியில் கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் மெஷின் சுவருக்குப் பின்னால் நாள் முழுக்க முனகியது. வாசல் படூரில் இருந்தது, பால்கனி மாமல்லபுரத்தில் அலையைப் பார்த்து நின்றது. தெருவிலிருந்து பார்த்தால் வீடு பழைய அளவுதான். கரண்ட் ரீடிங் எடுக்க வந்தவர் உள்ளே எட்டிப் பார்த்து, நல்ல காற்றோட்டமான வீடு என்று சொல்லிவிட்டுப் போனார். ஃபர்தீன் ஒருமுறை கேப் பிடித்து மாமல்லபுரம் போய், கரையோரம் முழுக்கத் தன் பால்கனியைத் தேடினான். வெளியிலிருந்து சவுக்குத் தோப்புதான் இருந்தது. பால்கனிக்கு வீட்டுக்குள்ளேயே நடந்துதான் போக முடியும் என்று அன்று தெரிந்தது. அதற்கு அவனுக்கு லீவு கிடைக்கவில்லை.

கோடை விடுமுறை விட்டதும் ஷஃபானா சமையல்கட்டோடு பால்கனிப் பக்கமே தங்கிவிட்டாள். வைகாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், பன்னீர்செல்வத்தின் மனைவி பார்வதத்தின் போனுக்கு அவள் குரல் வந்தது. பார்வதம் அதைக் காதோடு அழுத்தி, முழுசாகக் கேட்டுவிட்டுப் புருஷனைக் கூப்பிட்டாள்.

"மேல போயி அந்தப் பையன எழுப்பு. இன்னிக்கு சாயங்காலம் அசர் தொழுகை முடிச்சுட்டு அந்தப் பொண்ணு கோவளத்துல அவுங்கம்மா வூட்டுக்குப் பூடுமாம். ஒரேயடியா."

"போறவங்கள நான் இன்னாத்துக்குத் தடுக்கணும்?"

"தடுக்க வேணாம். எழுப்பு, போதும்."

ஃபர்தீன் சோபாவில் லேப்டாப்பை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தான். விஷயத்தைக் கேட்டதும் போனைப் பார்த்தான். அவள் குரல் முந்தின நாளே வந்திருந்தது, கேட்டும் இருந்தான். கோவளம் என்று ஏதோ காதில் விழுந்தது, மீன் வாங்கச் சொல்கிறாள் என்று நினைத்துவிட்டதாகச் சொன்னான். உடனே அவளுக்கு போன் போட்டான். அவள் எடுக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு ஹாலுக்குள் நடக்க ஆரம்பித்தான். தன் வீடு எதுவரைக்கும் போகிறது என்று பார்த்துவிடுவதென்று பன்னீர்செல்வமும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னாலேயே போனார்.

உச்சி வெயில் சன்னல் இல்லாத அந்த ஹாலுக்குள் எப்படியோ வந்து விழுந்தது. இரண்டு பேர் நிழலும் காலடியில் சுருண்டு கிடந்தன. உப்புப் பூத்த இடத்தில் ஒற்றைக்காலில் நின்ற நாரை ஒன்று, இவர்களைப் பார்த்து ஒதுங்கி வழிவிட்டது. ஃபர்தீன் பழைய குரல் பதிவுகளை ஒவ்வொன்றாக ஓடவிட்டபடியே நடந்தான்.

"இன்னாப்பா அது, அணில் கத்துறா மாதிரி கீது?"

"ஷஃபானா தான் அங்கிள்."

"உம் பொண்டாட்டியா? அது நின்னு நிதானமா பேசுற பொண்ணாச்சே."

"டபுள் ஸ்பீடு. டைம் மிச்சம்."

"மிச்சம் புடிச்சு இன்னா வாங்கின?"

ஃபர்தீன் கொஞ்ச தூரம் போனதும் போனில் வேகத்தைக் குறைத்து, முந்தின நாள் வந்த பதிவை முதலிலிருந்து வைத்தான். இரண்டு மடங்கில் கேட்காத சங்கதிகள் அதில் இருந்தன. பேசத் தொடங்குமுன் அவள் தொண்டையைக் கனைத்துக்கொள்வது இருந்தது. ஒரு வாக்கியத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே அலை வந்து போகும் சத்தம் இருந்தது. மூக்கை உறிஞ்சுவது இருந்தது.

"மச்சான்... நான் கோபத்துல சொல்லல. இங்க உக்காந்து பேசுனா என் சத்தமே எனக்குத் திரும்பி வருது. அதான். போன்ல எதுவும் சொல்லாதீங்க, எடுக்க மாட்டேன். நடந்து வந்து, என் மூஞ்சப் பாத்து இருன்னு சொன்னீங்கன்னா இருக்கேன். இல்லன்னா ஞாயித்துக்கிழமை அசர் முடிச்சுட்டுக் கெளம்புறேன்."

அதற்குப் பிறகும் பதிவு வெகுநேரம் ஓடியது, வார்த்தை இல்லாமல். ஃபர்தீன் அதையும் கடைசிவரை கேட்டான். பிறகு செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடினான். முட்டிவலிக்காரரான பன்னீர்செல்வம் அந்தச் செருப்பைத் தாண்டி, திட்டிக்கொண்டே மெல்ல நடந்தார். எங்கேயோ ஒரு பள்ளிவாசலிலிருந்து அசருக்கு பாங்கு கேட்டபோது அவர் நெம்மேலியில்தான் இருந்தார்.

அவர் போய்ச் சேரும்போது பால்கனி ஓரத்தில் இருவரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். பை மூடினபடி பக்கத்தில் இருந்தது. அவன் பாதத்தில் ஒட்டியிருந்த உப்பை அவள் ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"போவலியா?" என்றார்.

"இருன்னு சொல்ல வந்தவரு, மூச்சு வாங்கினு நின்னு இன்னா சொன்னாரு தெரியுமா பெரியப்பா? தண்ணி குடுன்னாரு."

"நீ இன்னா பண்ண?"

"குடுத்தேன். அப்புறம் சொன்னாரு. ரெண்டு தடவ சொல்ல வச்சேன்."

ஃபர்தீன் சிரித்துக்கொண்டே கடலைப் பார்த்தான். பன்னீர்செல்வத்துக்குச் சிரிப்பு வரவில்லை. காலையில் மேஸ்திரியைக் கூட்டிவந்து பழைய இடத்தில் குறுக்கே ஒரு சுவர் வைத்துவிடுவதாகச் சொன்னார். இருவரும் ஒரே நேரத்தில் வேண்டாம் என்றார்கள். ஹால் இப்படியே இருக்கட்டும், நடந்துகொள்கிறோம் என்றார்கள். அப்படித்தான் இன்றுவரை நடக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் வாசலிலிருந்தும் அவள் பால்கனியிலிருந்தும் கிளம்புவார்கள். வழியில் எங்கே சந்திக்கிறார்களோ அங்கே பாயை விரித்துச் சாப்பிட்டுவிட்டு, ஏதாவதொரு கோடிக்குப் பேசிக்கொண்டே சேர்ந்து நடப்பார்கள். மழைக்காலத்தில் உப்பளப் பக்கம் கொஞ்சம் வழுக்கும். ஹால் அதற்குப் பிறகு ஒரு டைல்ஸ்கூடக் கூடவுமில்லை, குறையவுமில்லை. தெருக்காரர்களும் அதைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டார்கள்.

பன்னீர்செல்வம் மட்டும் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. வெயிலில் கண் இருட்டியிருக்கும், சும்மா நாலு சுவருக்குள்ளேயே சுற்றிச் சுற்றி நடக்கவிட்டுவிட்டார்கள் என்பார். அன்று அவள் கொடுத்த டீயைக் குடித்து டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு, வந்த வழியே திரும்பிப் போக மாட்டேன், அந்த ஹாலை நம்பி இன்னொரு தடவை கால் வைக்க முடியாது என்று சொல்லிவிட்டார். பால்கனிக் கைப்பிடிச் சுவரைத் தாண்டி மணலில் இறங்கினார். நாலடி போய்த் திரும்பிப் பார்த்தார். சவுக்குத் தோப்புதான் இருந்தது. "பாத்தியா, வூடும் இல்ல ஒரு மண்ணும் இல்ல" என்று முனகியபடி மாமல்லபுரம் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார். அங்கே படூருக்குப் போக எந்த பஸ் என்று விசாரித்து, கோவளத்தில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடிக்கச் சொன்னதும், ஒன்றுமே நடக்காதவர்போல வேட்டியில் ஒட்டின மணலைத் தட்டிவிட்டு ஏறி உட்கார்ந்தார்.