சர்வருக்கு எதற்குத் தூக்கம்?

ஃபேக்டரி கம்ப்யூட்டர்களைக் கவனிக்கும் உத்தமனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. விஜயதசமியும் அதுவுமாக, பெங்களூரில் பீன்யா பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, முதலாளி ஹரிஷிடம் என்ன சொல்வது என்று மனசுக்குள் புரட்டிக்கொண்டே வந்தான். ஆனேக்கல் கிடங்கில் நல்ல நாளில் கிளம்ப வேண்டிய லோடு நிற்கிறதாம். சலான் அடிக்க முடியவில்லை. பீன்யா ஃபேக்டரி சர்வர் பேச்சுமூச்சில்லாமல் கிடக்கிறது.

காரணம் அவனுக்குத் தெரியும்.

போன வாரம் ஹரிஷ், "சும்மா இருக்கறப்போ ஏன்ரீ கரண்ட் குடிக்கணும்? பவர் சேவிங் போடுங்க" என்றார். கீபோர்டையும் மவுஸையும் அரை மணி நேரம் யாரும் தொடாவிட்டால் மெஷின் தூங்கிவிடும். வீட்டுக் கம்ப்யூட்டருக்குச் சரி. எங்கிருந்தோ எவனாவது கூப்பிடுவான் என்று காத்துக் கிடப்பதுதானே சர்வரின் வேலையே! இதை உத்தமன் சொல்லவில்லை. இந்த மாதம் வேலை நிரந்தரமானால்தான் மனைவி மங்களத்தை ஆம்பூரிலிருந்து கூட்டிவர முடியும். எதற்கு வம்பு என்று போட்டுவிட்டான்.

டைப்பிஸ்ட் உஷா பகலெல்லாம் அதிலேயே தட்டிக்கொண்டிருந்ததால் வண்டி ஓடியது. நேற்று ஆயுத பூஜை. கீபோர்டுக்குக் குங்குமம் வைத்து, மானிட்டருக்குச் சாமந்தி மாலை போட்டு, "புனர்பூஜை வரைக்கும் யாரும் கை வைக்காதீங்க" என்று கும்பிட்டுவிட்டுப் போனவனும் இவனேதான். பாவி!

ஃபேக்டரியில் ஹரிஷ் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார். உத்தமன் மவுஸை ஆட்டினான். சர்வர் முழித்துக்கொண்டது. ஆனேக்கல்லில் சலான் வந்துவிட்டதாகப் போன் வந்தது.

"பலே! தொட்டதும் எழுந்துடுச்சே! உங்க பர்மனன்ட் லெட்டர்ல இன்னிக்கே கையெழுத்து. இனிமே லீவு நாள்ல வந்து அப்பப்ப மவுஸ ஆட்டிட்டிருங்க. கரண்டும் மிச்சம்."

தலையாட்டியிருந்தால் முடிந்தது. ஆனால் அவனுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"அது தூங்கறதுக்கு நான் முழிச்சிக்கினு இருக்கணுமா சார்? சர்வருக்கு இதெல்லாம் ஆகாது. எனக்கு அன்னிக்கே தெரியும்."

ஹரிஷ் அவனையே பார்த்தார். "தெரிஞ்சுமா போட்டீங்க? அதச் சொல்லத்தானே உங்கள வெச்சிருக்கேன்?"

உத்தமன் மானிட்டரில் சரிந்திருந்த மாலையை நேராக்கினான்.

"லெட்டர தை மாசம் பாக்கலாம்" என்று அவர் போய்விட்டார்.

பவர் சேவிங்கை எடுத்துவிட்டு, எஸ்.டி.டி. பூத்துக்குப் போனான். ரிசீவரை எடுப்பதும் வைப்பதுமாக இருந்து, கடைசியில் ஆம்பூருக்குப் போட்டான்.

"என்னாச்சு? முதலாளிகிட்ட வாய் குடுத்துட்டியா?" என்றாள் மங்களம்.

"தவளதான் தன் வாயால கெடும் மங்களம். நான் வாயத் தொறக்காம கெட்டேன்."