மூன்றாவது தட்டு

ஜோர்ஹாட் டாக்டர் மேலும் கீழுமாகப் பல் செட் மாட்டிவிட்ட அன்று, ரெபோதி கண்ணாடியில் பார்த்தாள். அழகாகத்தான் இருந்தது. ஆனால் அது யாரோ ஒரு டீச்சரம்மாவின் வாய்.

வந்தவர்கள் எல்லாருக்கும் ஒரே கேள்வி, கடிக்க முடிகிறதா என்று. பேஷாக முடிந்தது. மூன்று வருஷமாக இடித்துப் போட்ட பாக்கைத் துண்டாகவே மென்றாள். வாத்துக்கறி தின்றாள். பேச்சில் காற்று புகுவதும் நின்றது. எழுபத்தொரு வயதில் இதற்கு மேல் என்ன வேண்டும் என்றார்கள். அவளுக்கு வேண்டியது கோகோனா.

சாண் நீள மூங்கில் துண்டு அது. ஒரு முனையைப் பல்லில் கவ்வி மறுமுனையை விரலால் தட்டினால் வாய்க்குள்ளிருந்து பாடும். சித்திரை பிஹு பண்டிகை வந்தால் அதைக் கொண்டையில் செருகிக்கொண்டு திரிந்தவள் ரெபோதி. பெண்கள் ஆடும் மரத்தடிக்கு ஆண்கள் வரக்கூடாது. அதனால் தொம்பேஸ்வர் ஓடைக்கு அக்கரையில் எருமை குளிப்பாட்டுவார். அவ்வளவு சுத்தமான எருமை அந்த வட்டாரத்திலேயே கிடையாது. பத்துப் பேர் வாசித்தாலும் உன்னுடையது தனியாகத் தெரியும் என்றார். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் அவரோடு கிளம்பி வந்து வாழ்க்கைப்பட்டாள். என்ன காலம் அது!

கடைசிப் பல் விழுந்ததும் கோகோனா தறிக்கொட்டகைக் கூரையில் ஏறியது. அவர் அதைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. அதுதான் அவளை அரித்தது.

புதுப் பல்லோடு முதல் தடவை தட்டியபோது மேல் செட் கழன்று மடியில் விழுந்தது. பிறகு கடகடவென்று ஆடியது. அவர் நாம்கருக்குப் பிரார்த்தனைக்குப் போகும் நேரம் பார்த்து, உதட்டை இறுக்கி, மெல்லக் கவ்வி, ஒரு மாதம் பழகினாள். சத்தம் வந்தது, ஜலதோஷம் பிடித்த சத்தம். இதைக் கேட்டு யார் வாசித்தது என்று அவர் கேட்டுவிட்டால்?

பிஹுவின் முதல் நாள், மாடுகளுக்கான நாள். காலையில் அவர் மாடுகளை ஓடைக்கு ஓட்டிப்போனார். ஆனது ஆகட்டும் என்று கொல்லையில் நின்று வாசித்தாள்.

சற்று நேரத்தில் ஈர வேட்டியோடு அவர் வந்து நின்றார்.

"பாதியிலயே வந்துட்டீங்களே?"

"நீ வாசிச்சே. வந்தேன்."

"நான்னு எப்படித் தெரியும்? சத்தமே மாறிப்போச்சு. பல்லே என்னுது இல்லியே."

"சத்தத்த யாரு கேட்டா? மூணாவது தட்டு உனக்கு எப்பவும் கொஞ்சம் பிந்தும். அப்பவும் அதவச்சுத்தான் கண்டுபிடிச்சேன்."

ரெபோதிக்குச் சுருக்கென்றது. ஐம்பது வருஷமாகத் தன் தாளம் சுத்தம் என்றல்லவா நினைத்திருந்தாள். பிறகு அந்தப் புதுப் பல் அத்தனையும் தெரியச் சிரித்தாள்.

"மாடெல்லாம் ஓடையிலயே நிக்குதா?"

"நிக்கட்டும்" என்றார். "இன்னொரு தடவ வாசி."