வீட்டுக்குப் போகும் பாட்டு

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்து லாரி ஓட்டுநர்களை ஒரு பாட்டு கெடுத்து வைத்திருந்தது. மனைவியைக் காண மலையும் பனியும் கடந்து லாரியை விரட்டி வருகிற ஒருவனைப் பற்றிய பாட்டு அது. கேட்டால் அழுவார்கள்; அழுகை ஓய்ந்ததும் இன்னொரு முறை கேட்பார்கள். வீட்டுக்குப் போவதை மட்டும் ஒருவரும் செய்வதில்லை.

வெண்டெல் ஸ்டக்கி அவர்களுள் தலையாயவன். "இன்னிக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு நீ வரலேன்னா எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன். அப்புறம் வரவே மாட்டேன்" என்று அவன் மனைவி வெர்னா காலையிலேயே தொலைபேசியில் சொல்லிவிட்டாள். வீடு ஒரு மணி நேரத் தொலைவுதான். ஆயினும் அவன், ஜாக்சன் நகருக்கு அப்பாலுள்ள லாரி நிறுத்தத்தில், வண்டிக்குள் அமர்ந்து ஒலிநாடாவில் அந்தப் பாட்டையே கேட்டுக்கொண்டிருந்தான்.

"கிளம்புடா, இருட்டப் போகுது" என்றான் கீழே நின்ற நண்பன் பர்ல்.

"கடைசிச் சரணம் வரட்டும்டா. அவன் வாசல்ல வந்து நிக்கிற இடம்!"

"நீ உன் வாசல்ல போய் நில்லேன்!"

"உனக்கு நெஞ்சுல ஈரமே இல்லடா."

அப்போது லாரியின் இருவழி வானொலி கரகரத்தது. நெடுஞ்சாலையில் செல்வோர் அதன்வழியே பேசிக்கொள்வர். சொந்தப் பெயர் சொல்வது மரபன்று, புனைபெயர்தான். போலீஸ்காரருக்குக் கரடி என்று பெயர்.

"நாஷ்வில் போற ரோட்ல கரடி உண்டாண்ணே? சிவப்புக் குருவி பேசறேன். வேகமாப் போகணும்" என்றது இரைச்சலுக்கிடையே ஒரு பெண்குரல்.

வெண்டெல் பாட்டின் ஒலியைக் குறைக்காமலே ஒலிவாங்கியை எடுத்தான்.

"ஒத்தை ஓநாய் பேசறேன் தங்கச்சி. ஒரு கரடியும் இல்ல, பறந்து போ! என்ன அவசரம்?"



"புருஷனை விட்டுட்டுப் போறேன்."

"வீடு தங்காத பயலா?"

"ஆமா."

"அவனுக்கெல்லாம் பொண்டாட்டி ஒரு கேடா! திரும்பிப் பாக்காதே. பசங்களா, தங்கச்சிக்கு வழி விடுங்கடா!"

சாலையில் அதைக் கேட்ட லாரிகள் பணிவுடன் வலப்பக்கம் ஒதுங்கின. கூரைமேல் தையல் இயந்திரம் கட்டிய பச்சைக் கார் ஒன்று நிறுத்தத்தைக் கடந்து சீறிச் சென்றது.

"வெண்டெல், அது உன் காருடா!" என்றான் பர்ல்.

அதில் எப்போது வானொலி பொருத்தப்பட்டது என்பது வெண்டெலுக்குத் தெரியாது. வீட்டில் இருந்தாலன்றோ தெரியும்!

"ரொம்ப நன்றி, வெண்டெல்" என்றாள் சிவப்புக் குருவி.

"பேரைச் சொல்றா பாரு! ரேடியோவுல பேசத் தெரியுமா இவளுக்கு?" என்று வானொலியில் எவனோ சினந்தான்.

வெண்டெல் லாரியைக் கிளப்பிப் பின்தொடர்ந்தான். முன்னே இரண்டு லாரிகள் சாலை முழுவதையும் அடைத்துக்கொண்டு ஊர்ந்தன.

"வழி விடுங்கடா! என் பொண்டாட்டிடா அவ!"

"ஓ, அந்த வீடு தங்காத பயல் நீதானா?" என்றது வானொலி.

லாரிகள் வேகத்தை இன்னும் குறைத்தன.