நாற்பது இலக்க எண்

மில் கேண்டீனில் சோற்றைப் பிசைந்த கை அப்படியே நிற்க, புவனேஸ்வரி இடது கையால் போனைப் பிடித்து அந்த மூன்று வரிகளை நான்காவது முறையாகப் படித்தாள். உங்கள் முன்மொழிவு இயந்திரம் எழுதியது போலிருக்கிறது. இதற்கெல்லாம் எங்களுக்கு நேரமில்லை. இந்த முன்மொழிவு மூடப்படுகிறது.

"என்னடி, சோறு காயுது," என்றாள் மெஹராஜ். நூல் பரிசோதனை அறையில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி.

"நான் அனுப்புனத மெசினு எழுதுச்சாம்."

எட்டு மாத ஞாயிற்றுக்கிழமைகளின் உழைப்பு அது. யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பயன்படுத்தலாம், திருத்தம் அனுப்பலாம் என்று இணையத்தில் திறந்து வைத்திருக்கும் ஒரு கணித நிரல் தொகுப்புக்குத்தான் அனுப்பியிருந்தாள். பெரிய எண்ணொன்றைக் கொடுத்து அதன் பகாக் காரணிகளைக் கேட்டால் மணிக்கணக்கில் திணறும். எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு வேடசந்தூரில் நூலின் முறுக்கை அளந்துகொண்டிருந்தவளுக்கு அந்தத் திணறல் பொறுக்கவில்லை. வேறொரு முறையை நோட்டில் போட்டுப் பார்த்து, நிரலாக்கி, பதினோரு நொடிக்குக் கொண்டுவந்திருந்தாள்.

கடைசியில் ஒரு பயம். தன் ஆங்கிலத்தைப் பார்த்துச் சிரிப்பார்களோ என்று, விளக்கக் கடிதத்தை மட்டும் செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்துப் பிழை திருத்தி வாங்கினாள். அந்த வழவழப்பைத்தான் பிடித்துக்கொண்டார்கள். நிரலை ஒருவரும் ஓட்டிக்கூடப் பார்க்கவில்லை. அவர்கள்மேல் வந்த கோபத்தில் பாதி அவள்மேலேயே திரும்பியது. எதற்குக் கூச்சப்பட்டாள்?

"நோட்ட போட்டோ எடுத்து அனுப்புடி. வாய மூடிக்கிருவாய்ங்க."

"நான் எதுக்கு நிரூபிக்கணும்? களவா எடுத்தேன்?" குரல் உயர்ந்ததில் அடுத்த மேசைப் பெண்கள் திரும்பினார்கள். தட்டைத் தள்ளிவிட்டுக் கை கழுவினாள்.

குழாயடியில் நின்றே போனில் பதிலைத் தட்டினாள். இம்முறை சொந்த ஆங்கிலம். காலம் தவறியது, ஒருமை பன்மை இடித்தது. ஒன்றையும் திருத்தவில்லை. கடிதத்துக்கு மட்டும்தான் உதவி வாங்கினேன், கணக்கு என்னுடையது என்று எழுதினாள். கீழே நாற்பது இலக்க எண் ஒன்று. இரண்டு பகா எண்களைப் பெருக்கி அவளே செய்தது. உங்கள் தொகுப்பில் இதைப் பிரித்துக் காட்டுங்கள். அனுப்பிவிட்டாள்.

"புவனா, சாம்பிள் குமிஞ்சு கெடக்கும்மா!" மேற்பார்வையாளர் மலைச்சாமி வாசலில் நின்று கத்தினார்.

"வாரேண்ணே," என்றாள். அதுவும் கத்தலாகத்தான் வந்தது.

ஆறு மணிக்குத் திண்டுக்கல் போகும் மில் பஸ்ஸில் பதில் வந்தது. மூன்று வரி எழுதிய அதே ஆள். நான்கு மணி நேரமாக ஓடுகிறது, இன்னும் முடியவில்லை. விடை உங்களிடம் இருக்கிறதா?

மெஹராஜ் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "மன்னிப்பு கேட்டானா?"

"இல்ல."

"ஒனக்கு விடை தெரியும்ல?"

"தெரியாம? அவென் கையிலயே இருக்கு. நான் அனுப்புன நிரல ஓட்டுனா பதினோரு நொடி."

"அப்ப அதச் சொல்லிரு."

புவனேஸ்வரி ஒன்றும் தட்டாமல் போனை மடியில் வைத்தாள். அது ஒளிர்ந்துகொண்டே இருந்தது. மெஹராஜ் அவள் கூந்தலில் ஒட்டியிருந்த பஞ்சை ஒவ்வொன்றாக எடுத்து ஜன்னலுக்கு வெளியே விட்டாள். எதிர்காற்றில் அவற்றில் சில திரும்பி உள்ளேயே வந்தன.