மெயின் ஜெட்டில் பதினோரு வருட மூச்சு

ஷாகுல் பாய் எப்போதாவது வாயால் ஊதிய ஜெட், முப்பது வருடம் கழித்து எடுத்து ஊதினாலும் திருப்பி ஊதும். சேலையூர் கேம்ப் ரோட்டில் இது எல்லோருக்கும் தெரியும், பால் விலை தெரிவதுபோல. ஜெட் என்பது கார்புரேட்டருக்குள் இருக்கும் சின்னப் பித்தளைத் திருகு. சுண்டுவிரல் நகம் அளவு, நடுவில் ஊசி நுழைகிற ஓட்டை. பெட்ரோல் அந்த ஓட்டை வழியாகத்தான் இன்ஜினுக்குப் போகவேண்டும். தூசி அடைத்தால் வண்டி நின்றுவிடும். மெக்கானிக் அதைக் கழற்றி, உதட்டில் வைத்து, ஒரு ஊது ஊதுவார், வண்டி கிளம்பிவிடும். எல்லா மெக்கானிக்கும் செய்கிற வேலைதான். ஆனால் ஊதிய மூச்சு முழுதும் மறுபக்கம் போய்விடுவதில்லை, கொஞ்சம் பித்தளையிலேயே தங்கிவிடுகிறது என்று கவனித்தவர் ஷாகுல் பாய் ஒருவர்தான். எழுபத்தாறில் கடை போட்டதிலிருந்து கழித்துப்போட்ட ஜெட்டுகளை அவர் ஒரு பிஸ்கட் டின்னில் சேர்த்து வைத்திருந்தார். மழைக்காலத்தில் கடைக்குள் வேறு சத்தம் இல்லாதபோது அந்த டின் மெதுவாகப் பெருமூச்சு விடும். வாடிக்கையாளர்கள் முதல்முறை திரும்பிப் பார்ப்பார்கள், இரண்டாம் முறை பார்க்கமாட்டார்கள்.

பழைய கார்களைத் தேடிப்பிடித்துப் புதுப்பிக்கிற ஆசை தாம்பரம் பக்கத்துக்கு வந்தபிறகு இந்த விஷயத்துக்கு ஒரு மரியாதை வந்தது. போலிப் பாகங்கள் நம்பர் குத்தி, பச்சைக் களிம்பு ஏற்றி, லென்ஸ் வைத்தாலும் தெரியாதபடி வந்துகொண்டிருந்தன. ஷாகுல் பாய் ஒன்றை எடுத்து உதட்டில் வைத்து ஊதிவிட்டுக் காத்திருப்பார். போலி சும்மா இருக்கும். அதற்குள் யாரும் ஊதியதில்லை. அசல் ஒரு நொடி கழித்து அவர் மீசைமேல் திருப்பி ஊதும், ஊதியவரின் வாசனையோடு. "பல்லாவரம் மெக்கானிக் ஏசுதாசன்" என்பார். "ஆளு போய் பதினஞ்சு வருசமாச்சு. மூக்குப்பொடி வாசனை போவல பாரு." ஒருமுறை ஏசுதாசனின் ஜெட் தும்மியது. எதிரில் நின்றவர் அனிச்சையாக "நூறு வயசு" என்றார், பிறகு வாயைப் பொத்திக்கொண்டார். பழைய கார் கண்காட்சிக்கு வரும் நடுவர்கள், அசல் என்று ஷாகுல் பாய் எழுதிக் கொடுத்த சீட்டு இருந்தால் கார்புரேட்டரைத் தொட்டுக்கூடப் பார்ப்பதில்லை.

இரண்டாயிரத்து இருபத்தொன்றில் அவருக்கு மாடி ஏற முடியாமல் போனது. நெஞ்சு டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். நுரையீரல் கெட்டுப்போயிருக்கவில்லை, குறைந்திருந்தது, தேய்ந்த சோப்பு மாதிரி. சிகரெட் உண்டா, சிமென்ட் ஆலையில் வேலையா என்று டாக்டர் கேட்ட எதற்கும் இல்லை என்றே பதில் வந்தது. வெளியே வந்ததும் அவர் மனைவி ஜஹானாரா சொன்னாள்: "நாப்பத்தஞ்சு வருசமா ஊர் வண்டிக்கெல்லாம் ஊதித் தள்ளினீங்க. எங்க போச்சுன்னு அந்த டாக்டருக்கு எப்படித் தெரியும்?" டின்னில் இருந்தவற்றை முதல் வேலையாக அவர் வாயில் வைத்துப் பார்த்தாள். எல்லாம் தேய்ந்து கழித்தவை, ஒரு கொட்டாவிக்குக்கூடப் போதவில்லை. ஆக்சிஜன் மெஷின் ஒன்று கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

அந்த வருடம்தான் பல் டாக்டர் ராஜகோபால் தன்னுடைய அறுபத்தொன்றாம் வருடத்து ஃபியட்டின் பைலட் ஜெட்டோடு வந்தார், வண்டி நின்ற இடத்தில் உறுமும்போது பெட்ரோல் விடுகிற சின்ன ஜெட் அது. வண்டி கிடைத்து ஐந்து வருடம் ஆகியிருந்தது. ஒரு வாஷர்கூட அசலாக இருக்கவேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். "ஊர் வாயிலெல்லாம் டூப்ளிகேட் பல்லு வெச்சுட்டு, வண்டிக்கு மட்டும் ஒரிஜினல் கேக்குறாரு" என்று ஜஹானாரா அவர் காதில் விழும்படியே சொன்னாள். ராஜகோபால் சிரித்தார். ஷாகுல் பாய் மூக்குக் குழாயோடு ஜெட்டை உதட்டில் வைத்தார். அது அவரே எண்பத்து நான்கில் ஒரே ஒரு நாள் ஊதியது. பிறத்தியார் மூச்சென்றால் வாசனையாகிக் காற்றில் போயிருக்கும்; தன்னுடையது என்பதால் நேராக உள்ளே இறங்கியது. ஷாகுல் பாய் எழுந்து குழாயைக் கழற்றி வைத்துவிட்டு மாடிக்குப் போய், தண்ணீர்த் தொட்டி மூடியை நேராக்கிவிட்டு வந்தார். ஒன்பது நாள் அப்படி இருந்தார். ஜெட்டோ ஊமையாகிவிட்டது. அதை மாட்டியதும் ராஜகோபாலின் கார் இருமியது, பிறகு நின்றது. "பாய், அசலைக் குடுத்தேன், போலியா திருப்பிக் குடுத்துட்டீங்களே" என்றார் அவர், கோபமில்லாமல், ஆனால் வலியோடு. ஷாகுல் பாய்க்கு அந்த வார்த்தை பொறுக்கவில்லை. இனி யார் பாகத்தையும் வாயில் வைப்பதில்லை, காதில் வைத்துக் கேட்டே சொல்வேன் என்று அல்லாஹ்மேல் ஆணையிட்டார். பத்தாம் நாள் குழாய் மறுபடி மூக்குக்கு வந்தது.

ராஜகோபாலுக்கு வேறொரு பைலட் ஜெட்டும் கிடைத்து, இருபத்து மூன்று முடியும்போது ஒரே ஒரு பாகம்தான் பாக்கி இருந்தது: மெயின் ஜெட். அதை எபி என்கிற பழைய சாமான் தரகர் கேளம்பாக்கத்தில் ஒரு காயலான் கடையில் கண்டுபிடித்துக் கொண்டுவந்தார். ஷாகுல் பாய் காதில் வைத்தார். வெகுநேரம் காதிலிருந்து எடுக்கவில்லை. ராஜகோபாலின் ஃபியட்டுக்குப் பழைய சொந்தக்காரர் மாடம்பாக்கத்து அரிசி மண்டிக்காரர். பெட்ரோல் டாங்க் துருவேறிப்போய், பதினோரு வருடம் தினமும் காலையில் வண்டி மக்கர் செய்யும், தினமும் ஷாகுல் பாய் போய் இந்த ஜெட்டைத்தான் ஊதிவிட்டு வருவார். "அசல்" என்று சொல்லிச் சட்டென்று காதிலிருந்து எடுத்துக் கொடுத்தார். "பத்திரம். யாரையும் ஊத விடாதீங்க. அப்படியே போடுங்க." அவர் அவசரத்தை ஜஹானாரா பார்த்தாள். அவளுக்கும் கணக்குப் போடத் தெரியும். ஒரு நாள் மூச்சில் ஒன்பது நாள் என்றால் பதினோரு வருட மூச்சில் எத்தனை?

"உங்க மூச்சுதானே, வாங்கிக்கிட்டா என்ன?"

"ஓடுற வண்டி அது. அதுலருந்து உருவி வாயில வெச்சுக்கிறதா? நான் மெக்கானிக்டி, முடிச்சவிக்கி இல்ல."

நெஞ்சு டாக்டர் அந்த வாரம் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, பத்து நாள், மிஞ்சினால் பன்னிரண்டு என்றார். ஜஹானாரா ராஜகோபாலிடமே போய்க் கேட்டாள். அவர் கெட்டவரில்லை. கண்காட்சி மூன்று வாரத்தில் இருக்கிறது, வண்டி ஓடித்தான் காட்டவேண்டும், அது முடிந்த அன்றே ஜெட்டைக் கழற்றி அவள் கையில் கொடுக்கிறேன் என்றார். "ஏழு வருசம் காத்துட்டிருந்தேம்மா, மூணு வாரம் பொறுக்கக்கூடாதா?" ஜஹானாரா தலையாட்டிவிட்டு, அங்கிருந்து பஸ் பிடித்துப் பெருங்களத்தூரில் லேத் வைத்திருக்கும் துரையிடம் போனாள்.

"இன்னாம்மா, பாய் வூட்டுக்கே டூப்ளிகேட்டா? ஊரு கெட்டு பூட்ச்சு" என்று துரை சிரித்துக்கொண்டே அதே அளவில், நூற்றிருபது என்று நம்பர் குத்தி ஒரு ஜெட் கடைந்து கொடுத்தான். களிம்புகூட ஏற்றிக் கொடுத்தான்.

மறுநாள் பகல் பன்னிரண்டு மணிக்கு ஜஹானாரா பல்வலி என்று ராஜகோபாலின் கிளினிக்கில் டோக்கன் வாங்கினாள். பதினாறாம் நம்பர், உள்ளே எட்டுதான் போயிருந்தது. வண்டி பக்கத்துச் சந்தில் தகரக் கொட்டகையில் நின்றது. கார்புரேட்டர் கிண்ணத்தின் அடியில் இருக்கும் பெரிய போல்ட்டைத் திருகினால் மெயின் ஜெட் கையோடு வந்துவிடும் என்பது நாற்பத்தாறு வருடம் மெக்கானிக்கோடு குடும்பம் நடத்தியவளுக்குத் தெரியாதா? இடது உள்ளங்கையில் அசலை வைத்துக்கொண்டு வலது கையால் துரையின் ஜெட்டை மாட்டினாள். அப்போது அவளுக்குத் திடீரென்று ஒரு சந்தேகம். கழற்றியதை மாட்டிவிட்டேனோ? இரண்டும் ஒரே எடை, ஒரே களிம்பு, ஒரே நம்பர். கையில் இருப்பது போலியென்றால் எல்லாம் வீண். யோசிக்கவே இல்லை. அவள் வீட்டில் இப்படிப்பட்ட சந்தேகம் வந்தால் என்ன செய்வார்களோ அதைச் செய்தாள். ஜெட்டை உதட்டில் வைத்து ஊதினாள்.

அது அசல்தான். ஷாகுல் பாயின் பதினோரு வருடக் காலைகள் ஒன்றன்பின் ஒன்றாக அவளுக்குள் இறங்கின, இஞ்சி டீ வாசனையோடு. வேறு யார் வாயென்றாலும் காற்றில் கலைந்திருக்கும். நாற்பத்தாறு வருடம் ஒரே கொசுவலைக்குள் மூச்சு விட்ட வாய் என்பதால் அந்த மூச்சுக்கு அது அடுத்தவர் வீடாகத் தெரியவில்லை. ஜஹானாரா கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே பதினாறாம் நம்பரைக் கூப்பிட்டபோது அவள் ஆட்டோவில் போய்க்கொண்டிருந்தாள்.

வீட்டில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஷாகுல் பாயின் மார்பு அசையவில்லை. அவள் மூக்கின் கீழ் விரல் வைத்துப் பார்த்தாள், ஒன்றுமில்லை. கையைப் பிடித்தாள், சூடாக இருந்தது, நாடி ஓடியது. அவர் கண் திறந்து அவளைப் பார்த்து உதட்டை அசைத்தார். குரல் அவள் வாயிலிருந்து வந்தது.

"எங்க போயிருந்தே?"

ஜஹானாரா திரும்பிப் பார்த்தாள். அறையில் வேறு யாரும் இல்லை. "பல் டாக்டர்கிட்ட" என்றாள், இப்போது தன் குரலில்.

"பல்லு வலியா?"

"ஆமா."

"பொய் சொல்றே" என்றது அவள் வாய்.

மெஷினை அன்றே அணைத்தார்கள். அவள் நிமிடத்துக்கு முப்பது தடவை மூச்சு விட்டாள், இரண்டு பேருக்கு. டாக்டர் சொன்ன பன்னிரண்டாம் நாள் ஷாகுல் பாய் முற்றத்தில் உட்கார்ந்து கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தார். ஒரு கஷ்டம்தான்: அவள் பஸ் ஸ்டாப் தாண்டிப் போனால் அவர் முகம் நீலமாகும். கோவளத்திலிருந்து கூடையோடு வரும் பொன்னியிடம் மீன் வாங்க இரண்டு பேரும் சேர்ந்தே போனார்கள். அவர் விலை கேட்பார், அவள் வாயால். அவள் பேரம் பேசுவாள், அதே வாயால். பொன்னி முதல் நாள் கூடையை விட்டுவிட்டு ஓடினாள், இரண்டாம் நாள், "யாராவது ஒருத்தர் பேசுங்கக்கா, எனக்கு நேரமாவுது" என்றாள்.

கண்காட்சிக்கு முந்தின நாள் ராஜகோபால் சீட்டு வாங்க வந்தார். இரண்டு வாரமாக வண்டி இருமுகிறது, என்னவென்று புரியவில்லை என்றார். மெயின் ஜெட்டைக் கழற்றிக் கொண்டுவந்திருந்தார். ஜஹானாரா வாங்கிப் பார்க்கிற மாதிரி பார்த்து, "அசல்" என்று சொல்ல வாயைத் திறந்தாள்.

"டூப்ளிகேட்" என்றது ஷாகுல் பாயின் குரல், அவள் வாயிலிருந்து. "உங்க வண்டியிலருந்து அசலை இவதான் எடுத்தா டாக்டர். முந்தானையில முடிஞ்சி வெச்சிருக்கா. மன்னிச்சுக்கங்க."

ராஜகோபால் கட்டிலில் அசையாமல் இருந்த மார்பைப் பார்த்தார். பிறகு முப்பது வருடப் பழக்கத்தில் சட்டைப்பையிலிருந்து சின்ன டார்ச்சை எடுத்து, "ஆ காட்டுங்கம்மா" என்றார். உள்ளே ஒரு நாக்குதான் இருந்தது. ஜஹானாரா முடிச்சை அவிழ்த்து அசல் ஜெட்டை எடுத்தாள். ஊமையாகக் கிடந்த அதை அவள் ஒரு முறை ஊதினால் போதும், எடுத்ததெல்லாம் திரும்பப் போய்விடும், வண்டி ஓடும். மூன்று பேருக்கும் அது தெரிந்தது.

"ஊதிக் குடு" என்றது அவள் வாய்.

"மாட்டேன்."

"அவரோடது, ஜஹானா."

"ஜெட்டு அவரோடது. மூச்சு யாரோடது? கேளுங்க அவரையே."

"எனக்கு அசிங்கமா இருக்கு."

"இருக்கட்டும். அசிங்கத்தோட உக்காந்திருங்க. இல்லாமப் போறதுக்கு அது தேவலை."

ஒரே வாயில் கால்மணி நேரம் சண்டை நடந்தது. நடுவில் இரண்டு பேருக்கும் சேர்த்து மூச்சு வாங்க நிறுத்த வேண்டியிருந்தது. அந்த இடைவெளியில் ராஜகோபால் அவள் கையிலிருந்து ஜெட்டை எடுத்தார். காகிதத்தில் சுற்றினார். "ஊத வேணாம்மா" என்றார். "சீட்டு மட்டும் எழுதச் சொல்லுங்க."

ஷாகுல் பாய் தன் கையாலேயே எழுதினார்: பித்தளை அசல். மூச்சு இல்லை.

அந்த ஃபியட் கண்காட்சிக்குள் ஓடி வரவில்லை. ஆறு பேர் தள்ளிக்கொண்டு வந்தார்கள், ராஜகோபால் ஸ்டியரிங்கில் நேராக உட்கார்ந்திருந்தார். நடுவர் சீட்டை இரண்டு தடவை படித்துவிட்டு, எல்லாப் பாகமும் அசல் என்று சான்றிதழில் எழுதி, ஓடாத வண்டிகளின் வரிசையில் நிறுத்தச் சொன்னார். கடை இப்போதும் காலை பத்திலிருந்து ஒன்று வரை திறந்திருக்கிறது. மாதாமாதம் பிரஷர் பார்க்க வரும் நர்ஸ் வெண்ணிலாவுக்கு ஆரம்பத்தில் கொஞ்சம் குழப்பம் இருந்தது, ஆளுக்கொரு அட்டையில் மூச்சுக் கணக்குக் கட்டத்தை நிரப்பியாக வேண்டும். போன மாதம் வந்தபோது வியாசர்பாடியிலிருந்து வந்த ஒரு ஜெட்டைப் பற்றி இரண்டு பேருக்கும் வாக்குவாதம். "ரெண்டு பேரும் கொஞ்சம் பேசாம இருங்க, எண்ணணும்" என்றாள். பேச்சு நின்றது. வெண்ணிலா ஜஹானாராவின் மார்பைப் பார்த்து முப்பது வரை எண்ணி, அவர் அட்டையில் பதினைந்தும் இவள் அட்டையில் பதினைந்தும் எழுதினாள்.